பூட்டியின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

உங்கள் தகப்பனாரின் தகப்பன் பெயர் என்ன என்று மானிப்பாயில் எவரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். அவருக்கும் தகப்பன் யார் என்றால் சற்று யோசித்து அதையும் சொல்லிவிடுவார்கள். தாயின் தாய் பெயர் என்ன என்று கேட்டால் "அம்மாச்சி" என்பார்கள். அம்மாச்சிக்கு இட்ட பெயர் எது? அம்மாச்சியைப் பெற்றவளின் பெயர் எது? இந்த இடத்தில் பலரும் நின்றுவிடுகிறார்கள். ஆச்சி, அம்மாச்சி, பூட்டி என்று முறை சொல்லி அழைத்தே காலம் போய்விட்டது. பெயரைக் கேட்கும் தேவை வரவில்லை.

இன்று அந்தத் தேவை பல வழிகளில் வந்து நிற்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்த பேரப்பிள்ளைகள், தங்கள் முன்னோர் யார் என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். ஊரிலோ பற்றை பிடித்துக் கிடக்கும் வளவுகள் பல. அவற்றின் பங்காளிகள் யார் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாததால் வேலி அடைக்க ஆளில்லை, கிணறு இறைக்க ஆளில்லை. பிரிக்கப்படாத காணி ஒன்றை நீதிமன்றத்தின் மூலம் பிரித்துக்கொள்ள வேண்டுமானால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின்படி, வழக்காளி தமது வழக்குரையில் வம்சாவளியையும் காட்டியாக வேண்டும். நான்கு தலைமுறைக்கு யார் யாருக்குப் பிள்ளை, யார் சந்ததியில்லாமல் இறந்தார், யாருடைய பங்கு யாருக்குப் போனது என்பதெல்லாம் அங்கே கேட்கப்படும். அப்போதுதான் பலர் தங்கள் குடும்ப வரலாற்றை முதன்முதலாகத் தேடத் தொடங்குகிறார்கள். சொல்லக்கூடிய ஆச்சி அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

எமது நாட்டு முறைகளுக்குப் பொருந்தும் வகையில் இத்தேடலை எங்கே தொடங்கலாம், எவ்வாறு கொண்டு செல்லலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

குடும்பப் பெயர் இல்லாத ஊர்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடும்ப வரலாறு தேடுவோர் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறார்கள். ஒரே பெயர் தகப்பனிலிருந்து மகனுக்கு இறங்கி வருவதால், பழைய பதிவேடுகளில் அப்பெயரைத் தேடினால் போதும். எமக்கு இது உதவாது. எமது வழக்கில் தகப்பனின் பெயரே பிள்ளையின் முதற்பெயர். கந்தையாவின் மகன் செல்லையா. செல்லையாவின் மகன் நடராசா. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெயர் உதிர்ந்து இன்னொன்று சேர்கிறது. மூன்று தலைமுறைக்குப் பின் பழைய பெயரின் சுவடே இராது. ஒரே ஊரில் ஒரே காலத்தில் பத்துக் கந்தையாக்கள் இருந்திருப்பார்கள் என்பது வேறு கதை.

ஆனால் பெயர் மாறிக்கொண்டு போனாலும், யாழ்ப்பாணத்தில் மாறாமல் நின்ற ஒன்று உண்டு. அது காணி. இங்கே ஒவ்வொரு காணித் துண்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. வளவு, சீமா, கலட்டி, புலம், தோட்டம், வயல் என்று முடியும் அப்பெயர்கள் உறுதிக்கு உறுதி அப்படியே இறங்கி வந்திருக்கின்றன. காணியைத் தொடர்ந்து போனால் குடும்பத்தைத் தொடரலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காணி யார் வழியாக இறங்கியது? தேசவழமைச் சட்டத்தை 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார். அதன் தொடக்கத்திலேயே பழைய வழக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. தகப்பன் கொண்டுவந்த முதுசொம் ஆண்பிள்ளைகளுக்கு. தாய் கொண்டுவந்த சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. இருவரும் கூடித் தேடிய தேடியதேட்டம் இருபாலாருக்கும். காலப்போக்கில் இவ்வழக்கம் இளகியது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தோடு விதிகளும் மாறின. ஆயினும் வீட்டையும் வளவையும் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதும் பழக்கம் தொடர்ந்தது. ஆண்கள் கலியாணம் செய்து பெண்வீட்டுக்குப் போனார்கள். பெண்கள் பிறந்த வளவிலேயே இருந்தார்கள்.

எனவே உங்கள் பேரன் மானிப்பாயில் வாழ்ந்தார் என்பதால் அவருடைய முன்னோரும் மானிப்பாயார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர் சங்கானையிலிருந்தோ சுதுமலையிலிருந்தோ வந்த மாப்பிள்ளையாக இருக்கலாம். அந்த வளவில் நூற்றைம்பது ஆண்டுகளாக இருந்து வந்தவர்கள் உங்கள் பேர்த்தியும், அவரின் தாயும், தாயின் தாயுமாக இருக்கக்கூடும். பெயர் சொல்ல முடியாமல் நாம் நின்றுவிடும் அந்தப் பெண்வழியே பல குடும்பங்களில் நீளமான வழி. அதற்கு எழுத்தில் ஆதாரமும் இருக்கிறது.

உறுதியை எப்படி வாசிப்பது

காணி விற்றல் வாங்கலும் நன்கொடையும் சீதனமும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. அதனால் ஏறக்குறைய 180 ஆண்டுகளாக எமது குடும்பங்களின் கலியாணங்கள், கடன்கள், மனத்தாங்கல்கள் யாவும் உறுதிகளில் படிந்து கிடக்கின்றன. காணி விற்கும் நேரத்தில் மாத்திரம் உறுதியை எடுத்து இலக்கத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். ஒருமுறை ஆறுதலாக உட்கார்ந்து முழுவதையும் வாசித்துப் பாருங்கள்.

முதலில் எழுதிக் கொடுப்பவர் பெயரும் எழுதி வாங்குபவர் பெயரும் வரும். சீதன உறுதியாயின் தாயும் தகப்பனும் மகளுக்கு எழுதுவார்கள். மகளின் முழுப் பெயர், அவளுக்கு வரப்போகும் கணவனின் பெயர், அவனுடைய ஊர் எல்லாம் அங்கே இருக்கும். கலியாணப் பதிவே இல்லாத காலத்துத் தம்பதிகளுக்கு இந்த உறுதியே விவாகப் பத்திரம் போல உதவும். உறுதியின் திகதியை வைத்துக் கலியாணம் நடந்த காலத்தையும் ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்து, கொடுப்பவருக்கு அக்காணி எவ்வாறு வந்தது என்ற விபரம். "எனது தாயாருக்குச் சீதனமாகக் கிடைத்து, அவர் மரணசாசனமின்றி இறந்தபடியால் எனக்கு உரிமையான" என்ற பாணியில் அது எழுதப்பட்டிருக்கும். இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தலைமுறை ஏறிவிட்டோம். முந்திய உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியனவும் அங்கேயே இருந்தால், அந்த உறுதியைத் தேடி எடுத்து இன்னொரு தலைமுறை ஏறலாம்.

பிறகு விஸ்தீரணம். எமது அளவில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். "12 பரப்பு விஸ்தீரணமுள்ள காணியில் வடகீழ்ப் புறமாய் 3 பரப்பு" என்று இருந்தால், முழுக் காணியும் ஒரு காலத்தில் ஒருவரிடம் இருந்து, பின்னர் நான்காகப் பிரிந்திருக்கலாம் என்று கொள்ள இடமுண்டு. அப்படியாயின் மற்ற மூவர் யார்? அதற்கும் உறுதியே வழி காட்டும். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு எல்லைகளையும் சொல்லி, எல்லைக் காணிக்காரர் பெயரையும் அது எழுதும். ஒரு வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த இடங்களில் அந்த எல்லைக்காரர்கள் சகோதரங்களாகவோ சகோதரங்களின் பிள்ளைகளாகவோ இருப்பது வழக்கம். "கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்ற சொற்களையும் தவறவிட வேண்டாம். ஒரே கிணற்றில் பங்கு உள்ளவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே ஆச்சியின் சந்ததிப் பட்டியல்தான். இன்று அவ்வாறான கிணறுகள் எத்தனையோ பாசி பிடித்துக் கிடக்கின்றன. கிணற்றுக்கு நான்கு பங்காளிகள், இருவர் கனடாவில், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவரின் விலாசம் தெரியாது.

உறுதி தொலைந்துபோனால் என்ன செய்வது? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவோடிரவாக வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது உறுதிப் பையைக் கையோடு கொண்டு போனவர்களும் உண்டு. வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போய் 1996இல் திரும்பி வந்தபோது வெறுஞ்சுவரைக் கண்டவர்களும் உண்டு. உறுதி எழுதும்போது ஒரு படியை நொத்தாரிசு வைத்துக்கொண்டு, இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது முறை. ஆகவே உங்கள் கையில் இருந்தது போனாலும் பதிவகத்தில் உள்ளதன் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். உறுதி இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயரையும் இருப்பிடத்தையும் கொண்டு பதிவேட்டைப் பார்வையிட வேண்டும். இதைத்தான் எமது ஊரில் "தோம்பு பார்த்தல்" என்கிறார்கள். பதிவேடு என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல் அது. போர்த்துக்கேயர் போய் 350 ஆண்டுகளுக்கு மேலாகியும் சொல் எமது காணிக் கந்தோரில் இருக்கிறது. உறுதிகளில் வரும் "மானிப்பாய்க் கோயிற்பற்று" என்பதும் அக்காலத்துக் கோயிற் பிரிவை நினைவூட்டும் வழக்கே. 1672இல் வெளியான பால்தேயு பாதிரியாரின் நூலிலும் மானிப்பாய் ஒரு கோயிற்பற்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

உறுதியில் பழைய எழுத்தை வாசிப்பது ஆரம்பத்தில் கடினம். ஒற்றெழுத்துக்குப் புள்ளி இராது, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், எண்கள் தமிழ் இலக்கத்தில் வரலாம். ஊரிலுள்ள வயதான நொத்தாரிசு அல்லது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு உறுதிகளை வாசித்துப் பழகினால் மூன்றாவதை நீங்களே வாசிப்பீர்கள்.

அரச பதிவுகள்

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் ஒழுங்காகத் தொடங்கி, 1897இல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்தியவர்களை இப்பதிவுகளில் எதிர்பார்க்க வேண்டாம். பிந்தியவர்களுக்கும் எல்லோருக்கும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. மானிப்பாயில் நிகழ்ந்த பிறப்பு இறப்புகளின் பிரதிகளுக்குச் சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஆண்டு திட்டமாகத் தெரியாவிட்டால் தேடும் கால எல்லைக்கு ஏற்பக் கட்டணம் கூடும். ஆகையால் முன்கூட்டியே காலத்தை ஒடுக்கிக்கொண்டு போவது நல்லது.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பலரும் கவனியாத ஒரு கூடு உண்டு. பேரன் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை அங்கே எழுதுவார்கள். சில சந்தர்ப்பங்களில் பூட்டனின் விபரமும் இருக்கும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பன், தகப்பன்வழிப் பேரன், பூட்டன் ஆகியோர் பிறந்த இடத்தைக் கொண்டே ஒருவரின் வமிசவழிப் பிரசாவுரிமையைக் கணித்தது. மலையகத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானது இக்கணக்கினால். பேரனின் பிறப்பைக் காட்ட ஒரு காகிதம் இல்லாததால் ஒரு மக்கட் கூட்டம் வாக்குரிமை இழந்த நாட்டில், குடும்ப வரலாற்றுப் பத்திரத்தை இலேசாக நினைக்க முடியாது. அந்தக் கூட்டிலும் வழக்கமாக எழுதப்படுவது தகப்பன்வழிப் பேரனே. தாயின் தாய்க்கு அங்கே இடமில்லை.

பாடசாலைகளின் சேர்விடாப்பும் வாக்காளர் இடாப்பும் உதவக்கூடியவை. சேர்விடாப்பிலுள்ள பிறந்த திகதியை அப்படியே நம்ப வேண்டாம். பாடசாலையிற் சேர்க்கும்போது வயதைக் கூட்டியும் குறைத்தும் எழுதிய தலைமையாசிரியர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

இரண்டு பெயருள்ள முன்னோர்

மானிப்பாயின் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் 1821இல் மானிப்பாயில் நிலையம் அமைத்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியும், 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தொடங்கின. அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலுள்ள நன்கொடையாளர்கள் ஏற்றார்கள். பணம் அனுப்பியவர் விரும்பும் பெயரைப் பிள்ளைக்கு இடுவது வழக்கமாயிற்று. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்று தமிழறிஞர் பெயர்களின் முன்னே அந்நியப் பெயர்கள் நிற்பது இதனால்தான். கறல் என்ற அமெரிக்கருக்கும் விசுவநாதபிள்ளைக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் சிலர் தங்கள் பெயரைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரப் பூட்டனைத் தேடுவதுண்டு. பாவம், அவர்கள் தேடவேண்டிய இடம் வேறு.

வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்து, பிற்காலத்தில் அதைத் தமிழிலேயே கற்பித்து, 1873இல் நாடு திரும்பினார். அவருடைய மாணவர்களிலும் டான்போர்த், சாப்மன் போன்ற பெயருடையோர் வருகிறார்கள். அவர்கள் எம்மவரே. அவருடன் சேர்ந்து வைத்திய நூல்களைத் தமிழாக்கியவர்களும் அவர்களே.

அவ்வாறான முன்னோர் ஒருவருக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும், காணி உறுதியில் இன்னொரு பெயரும் இருக்கும். உடுவிலிற் படித்த பெண்பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். சபைப் பதிவேட்டில் அமெரிக்கப் பெயருடன் ஒருத்தி. தகப்பன் எழுதிய சீதன உறுதியில் தமிழ்ப் பெயருடன் ஒருத்தி. இருவரும் ஒருவரே என்று காண்பதற்குக் கணவனின் பெயர், திகதி, காணி மூன்றையும் ஒப்பிட வேண்டும். சிலர் செமினரியை விட்டதும் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள், சிலர் பழைய சமயத்துக்கும் திரும்பினார்கள். ஆகவே இன்று சைவக் குடும்பமாக இருப்பவர்களும் மிஷன் பதிவுகளைப் பார்ப்பதில் தவறில்லை.

அமெரிக்க மிஷன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயின. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் பற்றிய பழைய பதிவேடுகளை அந்தந்தச் சபையின் போதகரிடமே முதலில் கேட்க வேண்டும். யுத்தத்தில் அழிந்தவை போக எஞ்சிய பழைய சபைப் பதிவுகளிற் பல, பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களைப் பாதுகாக்கும் திட்டத்தின் உதவியுடன் மின்படிகளாக்கப்பட்டுள்ளன. மிஷனறிமார் பொஸ்ரனுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அங்கே படிக்கும் எமது பிள்ளைகள் எவராவது இருந்தால், பூட்டனின் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

காகிதக் கல்வெட்டு

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சேமக்காலையில் கல்லறை உண்டு. உடலைத் தகனஞ் செய்யும் சைவக் குடும்பங்களுக்கு அது இல்லை. அதற்குப் பதிலாக எமது நாட்டில் அருமையான ஒரு வழக்கம் வளர்ந்திருக்கிறது. அந்தியேட்டி நாளில் இறந்தவரைப் பற்றிப் பாடி அச்சிட்டுக் கொடுக்கும் சிறு நூலை நாம் "கல்வெட்டு" என்கிறோம். அதில் திதி, வம்சாவளி, பெற்றார், சகோதரங்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். இவற்றை வாசித்துவிட்டு எறிந்துவிடுகிறோம், அல்லது அலுமாரியின் மேல் கறையானுக்கு விட்டுவிடுகிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் சேகரித்து வருகிறது. 1981 யூன் 1ஆம் திகதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்த பின்னர், வீடுகளில் கிடக்கும் ஒற்றைப் பிரதிகளுக்கு முன்பில்லாத பெறுமதி வந்துவிட்டது.

கல்வெட்டை வாசிக்கும்போது கொஞ்சம் உப்புப் போட்டு வாசிக்க வேண்டும். புலவருக்குக் காசு கொடுத்துப் பாடுவித்தது. கஞ்சன் ஒருவன் இறந்ததாக எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பெயர்களையும் உறவுகளையும் எடுத்துக்கொண்டு புகழை விட்டுவிடலாம்.

பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல் இதனினும் நம்பகமானது. "மானிப்பாயைப் பிறப்பிடமாகவும் நல்லூரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, காலஞ்சென்ற இன்னாரின் மகளும், இன்னாரின் மருமகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் சகோதரியும், இன்னாரின் மைத்துனியும் என்று அது போகும் போக்கில், ஒரே வாக்கியத்தில் மூன்று தலைமுறை நிற்கும். பெண்ணுக்குப் பெற்றோரும் மாமன் மாமியும் ஒருங்கே சொல்லப்படுவதால் இரு குடும்பமும் இணையும் இடம் தெளிவாகும். அறிவித்தலில் இல்லாத பெயரையும் கவனியுங்கள். கோபத்தில் பிரிந்த சகோதரன், பெற்றார் விருப்பமின்றிக் கலியாணம் செய்த மகள், இவர்களை விட்டுவிட்டு அச்சிட்ட அறிவித்தல்கள் உண்டு. உறுதியில் ஐந்து பிள்ளைகள் பங்கு பெற்றிருக்க அறிவித்தலில் நால்வர் இருந்தால் ஐந்தாவது ஆளைத் தேட வேண்டும்.

சாதகக் குறிப்பும் பயன்படும். ஆனால் அதில் ஆண்டு வேறு விதமாக இருக்கும். "விகாரி வருடம் ஆவணி மாதம்" என்று ஏட்டில் இருந்தால் அது எந்த ஆண்டு? 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வருவதால் 1839, 1899, 1959 மூன்றும் விகாரியே. குடும்பத்திலுள்ள வேறு திகதிகளை வைத்து ஒன்றைத் தெரிய வேண்டும். தை, மாசி, பங்குனி மாதமாயின் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. விகாரி வருடத் தை மாதம் 1899 அல்ல, 1900.

மலாயாவுக்குப் போனவர்கள்

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து எமது ஊர்களின் இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறி, புகையிரதப் பகுதியிலும் நில அளவையிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தார்கள். இவர்கள் அனுப்பிய காசு பல வளவுகளில் கல்வீடாக எழும்பியது. 1900க்குப் பின் எழுதப்பட்ட விலை உறுதிகளில் "தற்போது மலாயாவில் வசிப்பவரும்" என்றும், அவருக்காக "அற்றோணித் தத்துவக்காரர்" ஒப்பமிட்டதாகவும் இருந்தால் குடும்பத்தின் ஒரு கிளை கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று அறியலாம். யப்பானியர் காலத்தில், 1942க்கும் 1945க்கும் இடையில், கடிதத் தொடர்பு அறுந்து, பின்னர் திரும்பவும் ஒட்டாமலே போன குடும்பங்கள் உண்டு. சீயம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்களும் உண்டு. துரைராஜசிங்கம் எழுதிய, மலேசியா, சிங்கப்பூரில் இலங்கையரின் நூறாண்டுகள் பற்றிய ஆங்கில நூல், இவ்வாறானவர்களைத் தேடுவோர் முதலிற் பார்க்க வேண்டியது.

உறுதி இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் காணி உள்ளவர்களுக்கு. பிறருடைய காணியில் குடிசை போட்டு, பிறருடைய பனையில் ஏறி, பிறருடைய தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களின் பெயர் உறுதியில் எழுதி வாங்குபவராகவும் வராது, எல்லைக்காரராகவும் வராது. யாழ்ப்பாணத்துக் குடும்ப வரலாறு என்று எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இவர்களை ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்து போகின்றன. அது குறைதான்.

இவர்களைப் பற்றிய எழுத்து ஆதாரம் முற்றாக இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அது மனதை நோகச் செய்வது. ஆங்கிலேயர் ஆட்சியில் அடிமைகளைப் பதிவு செய்யும் ஒழுங்கு 1818இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல். சிலருடைய பூட்டனின் பூட்டன் எழுத்தில் முதலில் காணப்படும் இடம் இன்னொருவரின் உடைமைப் பட்டியலாக இருக்கலாம். அப்பூட்டனை உடைமையாக எழுதிய குடும்பமும் தன் வரலாற்றில் அதைச் சேர்த்தே எழுத வேண்டும் என்பது எமது எண்ணம்.

அதன் பின்னர் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடும் மிஷன் பாடசாலைகளின் இடாப்பும், 1897க்குப் பின் பிறப்பு இறப்புப் பதிவும் ஓரளவு துணை செய்யும். இவற்றைவிடப் பெரிய ஆதாரம் வாய்ச்சொல். எந்த வளவில் குடியிருந்தோம், எப்போது எழுப்பப்பட்டோம், எந்தக் கிணற்றில் அள்ள விடவில்லை என்பதை வயதானவர்கள் ஆண்டுக் கணக்கோடு சொல்வார்கள். எழுதிக்கொள்ளும் இளைஞர் ஒன்றை மனதிற் கொள்ள வேண்டும். சொல்லாமல் இருப்பதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் என்று ஒரு தாய் மறைத்ததை, தாள் நிரப்புவதற்காகத் தோண்டக்கூடாது.

ஆச்சியிடம் கேட்பது

பதிவகத்துக்குப் போகுமுன் செய்யவேண்டியது இதுதான். கடைசியில் எழுதுகிறோம் என்பதற்காகக் கடைசியில் செய்ய வேண்டாம். இன்று 88 வயதான ஒரு ஆச்சி, தன் சிறு வயதில், 1870களிற் பிறந்த தன் பேர்த்தியின் மடியில் இருந்து கதை கேட்டிருக்கக்கூடும். அந்தப் பேர்த்தி கேட்டது 1820களிற் பிறந்தவளிடம். அமெரிக்க மிஷன் மானிப்பாய்க்கு வந்த காலத்துக்கு மூன்று பெண்களின் தூரந்தான்.

"எந்த ஆண்டு?" என்று கேட்டால் ஆச்சிக்குக் கோபம் வரும். "ஆச்சி, உங்கட அம்மாவின்ர சீதனம் எந்தக் காணி? அது ஆரிட்டயிருந்து வந்தது? அந்தக் கிணத்தில வேற ஆருக்குப் பங்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மடை திறந்தது போல வரும். ஆண்டை நாம் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். கொழும்புக்கு நேர் ரயில் ஓடத் தொடங்கிய 1905க்கு முன்னரா பின்னரா, திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட 1942க்கு முன்னரா, 1964 மார்கழிப் புயலுக்கு முன்னரா என்று கேட்டால் திட்டமான பதில் கிடைக்கும். ஒரே கதையை ஆச்சி ஒரு விதமாகவும் அவருடைய தங்கை இன்னொரு விதமாகவும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று அவர்களுக்குள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

எழுதும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்வது வசதி. மேலே அவளுடைய சொந்தப் பெயர், வீட்டுப் பெயர், ஞானஸ்நானப் பெயர் இருந்தால் அதுவும். கீழே தாய், தகப்பன், கணவன், கணவனின் ஊர், சீதனக் காணியின் பெயர், பிள்ளைகள். குழந்தையிலேயே இறந்தவர்களையும் விடாமல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த உறுதியிற் கண்டது என்று குறித்துவிட வேண்டும். உயிருடன் இருப்பவர்களைப் பற்றிய தாள்களை வெளியாருக்குக் கொடுக்க வேண்டாம். காணி இலக்கங்கள் உள்ள தாளை இணையத்தில் போடவும் வேண்டாம். வெறுமையாய்க் கிடக்கும் வளவுகளுக்குக் கள்ள உறுதி முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழைய புகைப்படங்களைக் கைத்தொலைபேசியில் பிடித்து ஆச்சிக்குப் பெரிதாக்கிக் காட்டினால் பின்வரிசையில் நிற்பவர்களையும் அடையாளம் சொல்வார். சொன்ன பெயர்களை அன்றைக்கே படத்தின் பின்புறத்தில் பென்சிலால், அழுத்தாமல், இடமிருந்து வலமாக எழுதிவிடுங்கள். பேனை மை ஊறி முகத்துக்கு வந்துவிடும்.